பன்னிரண்டு நிமிஷம்

"பன்னிரண்டு நிமிஷம்!" என்றான் நிரஞ்சன், கைபேசியைப் பார்த்தபடி. "நேத்தும் பன்னிரண்டு நிமிஷம். முந்தாநாளும் அதேதான். என்ன கங்காணி இது?"

கங்காணி மூக்கன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"பொம்பளைங்க சார். கொஞ்சம் கால ஆத்திக்கிறாங்க."

"அதுக்குத்தானே தேத்தண்ணி நேரம் இருக்கு? காலையில கொழுந்து நிறுத்து முடிஞ்ச ஒடனே பதினெட்டுப் பேரும் மரத்தடியில உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருந்தா எப்படி?"

"அத விடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட்டதுபோல மூக்கன் நழுவிப் போனார்.

இலங்கை மலையகத்தில் லிந்துலைப் பக்கத்தில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு மனிதவள அதிகாரியாக நிரஞ்சன் வந்து ஐந்து மாதம். தகுதிகாண் காலம் ஆறு மாதம். அதற்குள் கொழுந்து கூடவில்லை என்றால் வேறு ஆளைப் பார்க்க வேண்டிவரும் என்று தோட்ட மேலாளரான பெரிய துரை சொல்லியிருந்தார். இதை நிரஞ்சன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

வந்த வேகத்தில், படித்ததையெல்லாம் மலையில் இறக்கினான். ஹட்டனில் அச்சடித்த சுவரொட்டிகள். 'மாதத்தின் நட்சத்திரம்' என்று சட்டம் போட்ட படம். ஒரு யோசனைப் பெட்டி. அதில் இதுவரை விழுந்தது ஒரே ஒரு துண்டுக் காகிதம்: "இந்தப் பொட்டிய வேற எடத்துல வைங்க. கொடை மாட்டுற ஆணிய மறைக்குது."

எல்லாவற்றுக்கும் மேலே, காலையில் ஆட்கள் கூடும் பெரட்டில், வேலை பிரிப்பதற்கு முன் எல்லோரும் மூன்று தரம் கைதட்டி, "என்னால் முடியும்!" என்று கத்த வேண்டும். நிரஞ்சன்தான் முதலில் கத்துவான்.

முதல் நாள் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, மரத்தடிப் பெண்களுக்குத் தலைவி போல இருந்த நாகலெட்சுமி சொன்னாள்: "நல்லாருக்கு சார். கை வெறைப்பு போயிருச்சு."

பெரட்டுக் களமே சிரித்தது. அன்றிலிருந்து அவளைக் கண்டாலே நிரஞ்சனுக்கு ஆகாது.

முதல் மூன்று மாதம் ஒன்றும் அசையவில்லை. நான்காம் மாதம் கொழுந்துக் கணக்கு வரைபடத்தில் கோடு மேலே ஏறியது. ஐந்தாம் மாதம் இன்னும் ஏறியது. பெரிய துரை தோளில் தட்டிக் கொடுத்தார்.

"எது வேலை செஞ்சிச்சு நிரஞ்சன்? வெள்ளிக்கெழமைக்குள்ள எழுதிக் குடுங்க. ஹெட் ஆபிசுல கேக்குறாங்க."

நிரஞ்சன் எழுதினான். கைதட்டல் ஐம்பது வீதம். நட்சத்திரப் படம் முப்பது வீதம். சுவரொட்டி இருபது. பெட்டிக்கு ஏதாவது கொடுக்க மனச்சாட்சி இடம் தரவில்லை. கடைசியில் 'தடைகள்' என்று ஒரு பகுதி இருந்தது. அதில் நாகலெட்சுமியின் பெயரையும் அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தையும் எழுதினான். ஆதாரம் வேண்டுமே? வீடியோ எடுத்துவிடுவது என்று முடிவு செய்தான்.

புதன்கிழமை, பெண்கள் வருவதற்கு முன்பே போய் மரத்துக்குப் பின்னால் தேயிலைச் செடிகளுக்குள் குந்திக்கொண்டான். பனி மூடிக்கொண்டு நின்றது. ஐந்தாவது நிமிஷம் காலுறைக்குள் ஒரு அட்டை ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

கூடைகளை இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"சொல்லுங்கடி, இன்னைக்கு யாருக்குக் கொறையுது?" என்றாள் நாகலெட்சுமி.

"மீனம்மாவுக்குக்கா. காய்ச்சலோட வந்துருக்கு. காலையில மூணு கிலோதான்."

"வீட்டுல படுத்துக் கெடக்குறதுதானே?"

"படுத்தா இன்னைக்குப் பேரே விழாதேக்கா" என்றாள் மீனம்மா, குரல் கம்மி.

"சரி, நீ மெதுவா எடு. மத்தவங்க ஆளுக்கு ஒரு கிலோ இவ கூடையில போட்டுருங்க. அரைப்பேர் விழுந்துறக் கூடாது."

வீடியோவை அமுக்கப் போன நிரஞ்சனின் விரல் அப்படியே நின்றது. ஒரு நாள் சம்பளம் ஒரு பேர். கிலோ குறைந்தால் அரைநாள் சம்பளம்தான். அதுதான் அரைப்பேர். கொழுந்து பறிக்கும் மற்றக் கூட்டங்களில் மாதத்துக்கு இருபது முப்பது அரைப்பேர் விழும். இந்தக் கூட்டத்தில் மட்டும் ஒன்றுகூட விழுவதில்லை. அது சுவரொட்டியின் மகிமை என்று அவனே எழுதி வைத்திருந்தான்.

வெட்கமாக இருந்தது. எழுந்து போய் மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று யோசித்தான்.

"அப்புறம், அந்த இன்னொரு ஆளுக்கு?" என்றாள் ஒருத்தி.

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்கடி" என்றாள் நாகலெட்சுமி. "இந்த மாசத்தோட கெடு முடியுதாம். கொழுந்து எறங்குனா வீட்டுக்கு அனுப்பிருவாங்களாம். பெரிய தொர பங்களாவுல சமைக்கிற செல்லசாமி அண்ணே காதால கேட்டுருக்காரு."

யார் அந்தத் தொழிலாளி? தனக்குத் தெரியாமல் யாரை நிறுத்தப் போகிறார்கள்? நிரஞ்சன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

"பாவம்க்கா" என்றாள் மீனம்மா. "ஒரு கொழுந்து கிள்ளத் தெரியாது. ஆனா மனசு நல்ல மனசு. காலங்காத்தால தொண்ட கிழியக் கத்துது."

நிரஞ்சன் பேனாவை மூடினான்.

நாகலெட்சுமி எழுந்து கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டாள்.

"மத்த ரெண்டு கூட்டத்துக்கும் சொல்லியாச்சு. ரெண்டு மாசமா செஞ்சோம், இன்னும் ஒரு மாசந்தானே? எந்திரிங்கடி, கைதட்டுற சாருக்கும் ஆளுக்கு ரெண்டு கிலோ கூடப் பறிச்சுப் போட்டுருவோம்!"