பின்கதவில் ஒரு சூரியன்

வெள்ளைக் காரின் மேல் காலை வெயில் கண்ணைக் கூச வைக்கிறது. ஸ்டிக்கர் கடைக்காரர், கார் முழுக்க ஒட்டப்போகும் கறுப்புத் தாளுக்காக நீளத்தை அளந்து, விளிம்பில் மடிக்க நாலு விரல் கூட்டிக்கொள்கிறார். பின்கதவில் அளவு டேப் நின்றுவிடுகிறது. அங்கே கல்லால் கீறிய ஒரு சூரியன் வாய்கொள்ளாமல் சிரிக்கிறது. "கீறல பட்டி பாத்து நிரப்பிட்டு ஒட்டிடலாம் சார்." "எங்க பாப்பா கிறுக்கினது," என்கிறார் கார்க்காரர். "அவ தவறினதிலேர்ந்து அவங்கம்மா இதப் பாத்தாலே உடைஞ்சு போறா." மனைவி முன்இருக்கையில் தலை குனிந்தபடியே இருக்கிறாள். "நிரப்பாம ஒட்டினா?" என்று கேட்கிறார் அவர். "இந்தக் கறுப்புத் தாள்ல கண்ணுக்குத் தெரியாது சார். தடவினா தட்டுப்படும்." கார்க்காரர் கண்ணை மூடிக்கொண்டு கதவைத் தடவுகிறார். விரல் அந்தச் சிரிப்பில் வந்து நிற்கிறது. "அப்ப நிரப்பாதீங்க," என்கிறார், முன்இருக்கைக்குக் கேட்காத குரலில்.