பிளசியின் மன்றாட்டு

காரிமங்கலத்தில் பிரவீன் வீட்டுக் கூடத்தில் தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செய்யும் மாலை அன்பிய ஜெபம் நடக்கிறது. டியூப்லைட்டுக்குக் கீழே, பாயில் பதினாறு பேர் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கொரு மன்றாட்டு சொல்லச் சொல்ல, மற்றவர்கள் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று முடித்து வைக்கிறார்கள். ஒருவர் முழங்கால் வலிக்குக் கேட்கிறார், இன்னொருவர் போர்வெல்லில் தண்ணீர் கேட்கிறார். பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு வந்திருக்கும் பிரவீன் மட்டும் கண்ணைத் திறந்து மனைவி பிளசியின் மடியைப் பார்க்கிறான். அங்கே அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த சாம்பல் நிற மாத்திரைக் கவர் இருக்கிறது. அவளுடையதை அவள் மூன்று நாளைக்கு முன்பே விழுங்கிவிட்டாள். இது அவனுடையது. அவன் விழுங்காவிட்டால் அவளுக்கு மறுபடியும் தொற்றும் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். "உனக்கு ஒடம்பு சூடு, எனக்கெதுக்கு மாத்திரை?" என்று அவன் சிரித்துக்கொண்டே இருக்கிறான். அம்மா மிக்கேலம்மாளிடமும் அப்படியே சொல்லி வைத்திருக்கிறான். "நீயும் ஒண்ணு சொல்லு கண்ணு" என்கிறார் மிக்கேலம்மாள். பிளசி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கோயிலில் வாசகம் வாசிக்கும் அதே குரலில் சொல்கிறாள்: "எங்க வூட்டுக்காரரு பெங்களூர்ல இருந்து எனக்குக் கொண்டாந்து குடுத்த வெட்டை நோய் அவருக்கும் கொணமாவணும். இந்த மாத்திரைய இப்பவே முழுங்குற மனச அவருக்குத் தரணும்னு, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்." பழக்க தோஷத்தில் அத்தனை பேரும் ஒரே குரலில் கேட்டருளச் சொல்லிவிடுகிறார்கள். கண்கள் அதற்கப்புறம்தான் திறக்கின்றன. பிளசி கவரைப் பிரித்து, தண்ணீர்ச் சொம்போடு நீட்டுகிறாள். "முழுங்குங்க. அடுத்த மன்றாட்டு உங்களுதுங்க."