இருபது அடுக்குப் போர்வை

“ஒருத்தனுக்கு இருபது அடுக்குல போர்வையா? கேட்டா ஊரே சிரிக்கும்” என்றபடி, தையல்காரியின் விரலில் ஊசி குத்திய இடத்துக்கு மருந்து தடவினார் கணவர்.

“அவன் போற இடத்துல குளிர் அப்படிங்க.”

“இங்க பஸ் ஸ்டாண்டுல ஒரு அம்மா சாக்கைப் போர்த்திக்கிட்டு நடுங்குது. அதைக் கேக்க நாதியில்ல.”



மறுநாள் காலை அவனை வழியனுப்பும்போது எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போனவன் இனி திரும்ப மாட்டான். அவள் தைத்த தங்க நிறப் போர்வைக்குள் பத்திரமாக, ராக்கெட்டில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது, புயல் வருவதை முன்கூட்டியே சொல்லப்போகும் செயற்கைக்கோள்.

அன்று படுக்கையை விரித்த கணவர் அலமாரி முழுக்கத் தேடினார்.

“என் போர்வை எங்க?”

“பஸ் ஸ்டாண்டுல.”

“என்னது!”

“அந்த அம்மாவுக்குக் குடுத்துட்டேன். நீங்கதானே சொன்னீங்க? நமக்கு ஒண்ணு போதாதா?”

முணுமுணுத்தபடியே அவளுடைய போர்வையை இழுத்து, முதலில் அவள் பாதங்களை மூடினார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார்.

“ஏம்மா, அங்க அவனுக்குக் குளிராதில்ல?”