கிளிப்பச்சை அலமாரி

மாமனார் வீட்டுப் பொருள் என்றாலே அவனுக்கு இளப்பம். கூடத்தில் புதிதாக வந்து நின்ற பழைய மர அலமாரியைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்கப்பா தள்ளிவிட்டாரா? கிளிப்பச்சை பெயின்ட் வேற! உங்க குடும்பத்து ரசனையே தனி!"

"ஏங்க, அது வந்து..." என்று ஆரம்பித்தாள் மனைவி.

"நீ வாயைத் திறக்காதே!"

மறுநாளே தச்சர் வந்தார். அலமாரியைப் படுக்கப் போட்டு, வாசல் வெட்டி, நாய்க்கூண்டாக்கிக் கொடுத்தார்.

"இப்பத்தான் உருப்படியா ஒரு வேலைக்கு ஆச்சு," என்று இளித்தான்.

மாலையில் அவன் அம்மா வந்தாள். கூடத்தைச் சுற்றிலும் தேடினாள்.

"எங்கடா, நீ பள்ளிக்கூடப் புத்தகம் அடுக்கின அலமாரி? உனக்கே அடையாளம் தெரியாதபடி நானே பெயின்ட் அடிச்சு அனுப்பினேனே!"

வாசலில், கிளிப்பச்சைக் கூண்டுக்குள்ளிருந்து நாய் எட்டிப் பார்த்தது.

அவன் மனைவி பக்கம் திரும்பினான். "ஏன்டி சொல்லலை?"

"இப்ப வாயைத் திறக்கலாமாங்க?" என்றாள்.