எறும்பு வாத்தியாரின் திருத்தங்கள்

மாடிப்படியில் ஊன்றுகோல் சத்தம் கேட்டதும், பதிப்பாசிரியை மேசைமேல் இருந்த புத்தகத்தை இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டினாள். பிறகு ஒன்றும் அறியாதவள்போல் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வாங்க சார், உக்காருங்க."

அந்தப் பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் எல்லோருக்கும் அவர் எறும்பு வாத்தியார். விலங்கியல் பேராசிரியர், ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடம் ஆகிறது. எறும்புகளின் பாதைகளைப் பற்றி இருபத்திரண்டு வருடம் உழைத்து ஒரு நூல் எழுதியிருந்தார். அதைப் படித்துக் கருத்துச் சொன்ன இரண்டு நிபுணர்களும் ஒரு குறைகூடக் காணவில்லை. குறை கண்டவர், எழுதியவர் ஒருவர்தான்.

நேற்று வைத்த கால்புள்ளியை இன்று எடுப்பார். நாளைக்கு வந்து, "அது அங்கேயே இருந்திருக்கலாம்மா" என்பார். அவருக்குப் பயந்தே முன்பிருந்த இரண்டு பதிப்பாசிரியர்கள் வேறு துறைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடியிருந்தார்கள்.

"இந்த மாதிரி புத்தகத்தை நாம போடலேன்னா வேற யார் போடுவாங்க?" என்றிருந்தார் பதிப்பக இயக்குநர். "ஆனா இவர் திருத்தி முடிக்கறதுக்குள்ள உலகத்துல எறும்பே இருக்காது. கையெழுத்து வாங்கின கையோட அச்சுக்கு அனுப்பிடுங்க."

அப்படியே செய்தாள். அச்சுக்கு முந்தைய கடைசி மெய்ப்பில் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன மறுநாளே, நூலின் கடைசியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் ஒரு சொல்லடைவைத் தயாரித்துச் சேர்த்து அச்சுக்கு அனுப்பிவிட்டாள்.

புத்தகம் வெளிவந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அவரோ இன்னும் வாரம் தவறாமல் திருத்தங்களோடு வருகிறார். போன வருடம்தான் இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்த மனிதர். அவரிடம் விஷயத்தைப் போட்டு உடைக்க அவளுக்கு நா எழவில்லை.

அவர் சட்டைப்பையிலிருந்து நாலாய் மடித்த தாளை எடுத்தார்.

"எழுதிக்கோங்கம்மா. மூணாம் அத்தியாயம். 'எறும்புகள் திரும்பியது'ன்னு இருக்கு. 'திரும்பின'ன்னு மாத்துங்க. ஒரு எறும்பா திரும்புது? ஊரே திரும்புது!"

"சரி சார்."

"ஏழாவது படம். இடது பக்கத்து மீசை கொஞ்சம் குட்டையா இருக்கு."

"பாக்கச் சொல்றேன் சார்."

"சொல்லடைவுல 'கூடு' ரெண்டு தடவை வருது. ஒண்ணை எடுத்துடுங்க."

"எடுத்துடலாம் சார்."

எழுத எழுத அவளுக்கு மனசு கேட்கவில்லை. வயசான மனிதர் இந்த வெயிலில் இரண்டு பேருந்து மாறி வருகிறார். நாமோ முகத்தைப் பார்த்துப் பொய் சொல்கிறோம். பன்னிரண்டாவது திருத்தத்தில் பேனாவை மூடிவைத்தாள்.

இழுப்பறையைத் திறந்து, புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"சார், மன்னிச்சிடுங்க. அச்சாகி மூணு வாரம் ஆச்சு. சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னு நான்தான் மறைச்சிட்டேன்."

பேராசிரியர் புத்தகத்தைக் கையில் எடுத்தார். அட்டையை ஒருமுறை மெல்லத் தடவினார். கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவள் பதறிப்போய்த் தண்ணீரை ஊற்றி நீட்டினாள். அவர் நிதானமாகக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க எதுக்கும்மா கலங்கறீங்க? கடைக்கு வந்த அன்னைக்கே நான் வாங்கிப் படிச்சிட்டேன்" என்றவர், தாளின் மறுபக்கத்தைத் திருப்பினார். "பேனாவை எடுங்க. இதெல்லாம் ரெண்டாம் பதிப்புக்கு!"