நாய்களுக்குத் தெரிந்த முகம்

நாலு நாய்கள் ஒரே சமயத்தில் குரைக்க ஆரம்பித்ததும் அவனுக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. போச்சு, கண்டுபிடித்துவிட்டன.

பெண் பார்க்க வந்திருந்த அவனையும் அக்காவையும் தெருமுனைக்கே வந்து அழைத்துப்போன பெண்ணின் அப்பா, "அதுங்களைக் கண்டுக்காதீங்க, வாங்க" என்று அவசரமாகக் கேட்டைத் திறந்தார். இருவரையும் உள்ளே தள்ளாத குறைதான். நாய்கள் கேட்டின் கம்பிகளுக்கு நடுவே மூக்கை நுழைத்துக்கொண்டு குரைத்தன. யாரைப் பார்த்து என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவனுக்கு முனிசிபாலிட்டியின் நாய் பிடிக்கிற வண்டியில் வேலை. வலை போட்டுப் பிடித்து, கருத்தடை ஆபரேஷன் முடிந்து, காது நுனியில் அடையாளத்துக்குச் சின்னதாக வெட்டிய பிறகு, பிடித்த தெருவிலேயே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். சட்டம் அப்படி. திரும்பி வந்த நாய் சும்மா இருக்குமா? லீவு நாளில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனாலும் விடுவதில்லை. அவன் வேலை பார்க்கிற தெருக்களில் நின்று நிம்மதியாக ஒரு டீ குடிக்க முடியாது.

ஆனால் இது வேறு ஊர். இந்தத் தெருவில் அவன் இதற்கு முன் கால் வைத்ததே இல்லை. இங்கேயும் இப்படி என்றால், வாசனை உடம்பிலேயே ஊறிப்போய்விட்டது என்றுதானே அர்த்தம்? காலையில் சோப்பைக் கரைத்துக் கரைத்துக் குளித்ததெல்லாம் வீண்.

சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான்.

"கையைப் பிசையாதடா" என்று அக்கா காதைக் கடித்தாள். "முனிசிபாலிட்டி ஆபீஸ்ல வேலைன்னு சொல்லி வச்சிருக்கேன். அதோட நிறுத்திக்கோ. பொண்ணோட அப்பா கவர்ன்மென்ட்ல பெரிய வேலையில இருந்து போன வருஷம்தான் ரிட்டயர் ஆனாராம். இந்த இடமும் தட்டிப்போச்சுன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

அவள் கவலை அவளுக்கு. இதுவரை பார்த்த இடங்களிலெல்லாம், "நாய் பிடிக்கிறவனா?" என்ற ஒரே கேள்வியோடு பேச்சு முறிந்திருந்தது. ஒரு வீட்டில் பாதி குடித்த டம்ளரைக் கையிலிருந்து வாங்காத குறை.

பெண் வந்து எதிரில் உட்கார்ந்தாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். தலையைக் குனிந்துகொள்ளாமல் நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வை அவனுக்குப் பிடித்துப்போயிற்று, அதனாலேயே பயம் இன்னும் கூடியது.

"ஆபீஸ்ல என்ன வேலைங்க?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அக்கா பாய்ந்தாள். "ஹெல்த் செக்ஷன்மா. ஓயாத வேலை. ஓடிக்கிட்டே இருப்பான்."

அதில் பொய் ஒன்றுமில்லை. ஓடுவான்தான்.

"என்ன சனியன் பிடிச்ச சத்தம்! அந்த ஜன்னலைச் சாத்துங்களேன்" என்று பெண்ணின் அம்மா சலித்துக்கொண்டாள். பெண்ணின் அப்பா எழுந்து ஜன்னலருகே போனார். குரைப்பு இரண்டு மடங்கானது. தன்னைத்தான் எட்டிப் பார்க்கின்றன என்று இவன் சோபாவின் மறுகோடிக்கு நகர்ந்துகொண்டான். அவர் ஜன்னலைப் படாரென்று சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் முகத்திலும் ஈயாடவில்லை. ரிட்டயர் ஆன அதிகாரி, சந்தேகம் வந்துவிட்டது போலிருக்கிறது.

"உடம்புக்கு முடியலையா? இப்படி வேர்க்குதே. ஃபேனைக் கூட்டி வைக்கட்டுமா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

அவ்வளவுதான், அவனுக்கு உள்ளே ஏதோ உடைந்துவிட்டது. இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறவளிடம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணிக்கொண்டு, தெருவில் ஒரு நாய் குரைக்கும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சாக வேண்டுமா? அவமானம் வருவதானால் இன்றைக்கே வரட்டும்.

"நான் ஆபீஸ்ல இல்லைங்க" என்றான். அக்கா அவன் தொடையில் கிள்ளினாள். அவன் நிறுத்தவில்லை. "நாய் பிடிக்கிற வண்டியில இருக்கேன். வாசல்ல அதுங்க இப்படிக் குரைக்கிறது என்னாலதான். இந்த வேலை பாக்கறவனை அதுங்க லேசுல விடாது. உங்ககிட்ட மறைக்க மனசு வரல. மன்னிச்சிடுங்க, நாங்க கிளம்பறோம்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பெண்ணின் அம்மா கணவர் முகத்தைப் பார்த்தாள். பெண் தலையைக் குனிந்துகொண்டாள், அவள் தோள் குலுங்கியது. அழ வைத்துவிட்டோமே.

அவன் எழுந்து வாசல் பக்கம் திரும்பினான். பெண்ணின் அப்பா குறுக்கே வந்து நின்றார்.

"வலையா, சுருக்குக் கம்பியா?"

அவனுக்குப் புரியவில்லை. "என்னங்க?"

"எதால பிடிக்கிறீங்கன்னு கேட்டேன்."

"வலை... வலைதாங்க."

"குடுத்து வச்சவங்க. எங்களுக்குக் கடைசி வரைக்கும் கம்பிதான்." அவர் அவன் தோளில் கை வைத்து அழுத்தினார். "உட்காருங்க மாப்பிள்ளை, அதுங்க குரைக்கிறது என்னைப் பாத்து!"