மதில் யானை

பள்ளிக்கூட மதிலில் சிரிக்கும் யானைக்குத் தந்தம் கீறிக்கொண்டிருந்த பெயின்டர் கிருசாந்தன் திரும்பிப் பார்த்தான். பின்னால் ஜெயரூபி நின்றாள். அவளுடைய கணவனை யானை அடித்துக் கொன்று ஒரு மாதந்தான்.

"ஆர் இதைக் கீறச் சொன்னது?"

பள்ளிக்கூட அதிபர் பதறி ஓடி வந்தார். "பிழைதான் தங்கச்சி. நான் யோசிக்கேல்லை. தம்பி, உடன அழியும்!"

கிருசாந்தன் வெள்ளைப் பெயின்ட் வாளியைத் தூக்கினான். அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"அழிக்க வேண்டாம். சரியாக் கீறுங்கோ. அதுக்குத் தந்தம் இல்லை. இடக்காது கிழிஞ்சிருக்கு. நான் நேர கண்டனான், அது சிரிக்கேல்லை."

"தங்கச்சி..."

"அது இன்னும் குளக்கட்டிலதான் நிக்குது, சேர். பிள்ளையள் பள்ளிக்கூடம் வாற வழி அதுதானே?"